முள் இறங்கும் வரை

"தொடாதடா அத!"

இளமதி போட்ட சத்தத்தில் வசந்தகுமாரின் கை அப்படியே நின்றது. ரேடியேட்டர் மூடிக்கும் அவன் விரலுக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம். வேனின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பி சோழவரம் ஏரிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"தெறந்தா மூஞ்சி வெந்துபூடும். தூர வா."

"சூடு காட்ற முள்ளு செவப்புல நிக்குதுக்கா. தண்ணி ஊத்த வாணாமா?"

"ஊத்தலாம். மொதல்ல ஆறணும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கா மணி நேரம்."

வசந்தகுமார் வேனின் பின்பக்கத்தைப் பார்த்தான். அக்காவும் பார்த்தாள். அன்றைக்கு அவர்களிடம் எது இருந்ததோ இல்லையோ, முக்கால் மணி நேரம் இல்லை.

பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்து அப்பாவுவைப் படுக்க வைத்திருந்தார்கள். வயது அறுபத்தெட்டு. பொன்னேரிக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் நெல், ஒரு போர்வெல், இந்த வேன், இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். பெற்ற இரண்டுக்கும் அவர் நைனா. காலையில் பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா, சாயந்தரம் வரைக்கும் இருந்தா பெருசு" என்று சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றது நைனாதான். "அதுல போனா ஊரே பொணம்னு முடிவு கட்டிடும். என் வண்டியில இட்டுனு போங்க" என்றார். சாகப்போகிற நேரத்திலும் அந்த வீம்பு மட்டும் குறையவில்லை.

வீம்புக்குக் காரணம் இருந்தது. வெளியில் உயிர் போனவரை வாசற்படி தாண்டி உள்ளே எடுத்துப்போவது அவர்கள் ஊரில் வழக்கமில்லை. தெருவிலேயே பந்தல் போட்டு, தெருவிலேயே குளிப்பாட்டி, அப்படியே தூக்கிவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் சித்தப்பா ஆஸ்பத்திரியில் போனபோது ஐப்பசி மழை. தார்ப்பாய் பொத்துக்கொண்டு முகத்திலேயே ஒழுகியது. நைனா ராத்திரி முழுக்க அந்த முகத்துக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றார். விடிந்ததும் இளமதியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "என்ன மட்டும் தெருவுல போட்ராதம்மா." அந்த வழக்கத்தைக் காவல் காக்கிற பெரியப்பா ஆதிகேசவன் இந்நேரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் இருந்தது.

"வேற வண்டி புடிக்கலாமாக்கா?"

"தூக்கி மாத்தும்போதே போயிடுவாருடா. ஒரு தடவ தூக்கனதுக்கே மூச்சு எப்பிடி எறைச்சுது பாத்தல்ல?"

சித்திரை வெயிலில் சாலை கானலாக உருகி ஓடியது. லாரிகள் அந்தப் பொய்த் தண்ணீருக்குள்ளிருந்து சக்கரம் இல்லாமல் மிதந்து வந்து, கிட்டே வந்ததும்தான் சத்தமும் இரும்பும் ஆயின. ஒவ்வொன்றும் போகும்போது வேன் லேசாக ஆடியது. நைனா கண்ணை மூடியபடி அந்த ஆட்டத்துக்கு இசைந்து கிடந்தார்.

"மடை நெறைஞ்சிடுச்சு," என்றார் திடீரென்று. குரல் எங்கோ வயல் நடுவிலிருந்து வருவதுபோல இருந்தது. "மோட்டார நிறுத்து. தண்ணி வீணா பூடுது."

"நிறுத்தியாச்சு நைனா."

"இல்லயே. சொட்டுது பாரு."

இளமதி காதைக் கொடுத்தாள். உண்மைதான். இன்ஜின் நின்றபிறகு, இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைத்த அமைதியில், வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மனுஷனுக்கு உடம்பு போனாலும் காது போகவில்லையே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

குனிந்து பார்த்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவளுக்கு இதே பிழைப்புதான். ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, உள்ளே காற்றை அடித்து, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி வந்தால் தள்ளி வை, வரவில்லை என்றால் பாஸ். ஏழு வருஷமாகத் தினம் எட்டு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே தொட்டி ஏது? சொட்டு விழுகிற இடத்தை நம்பக்கூடாது, ஈரம் தொடங்குகிற இடத்தைத் தேட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

எதிரே இளநீர்க் கடை போட்டிருந்த குணசுந்தரி அதற்குள் வேனின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் தன் பெரிய குடையைப் பிடுங்கிக்கொண்டு வந்து நைனாவின் முகத்துக்கு நிழல் விழும்படி கதவோரம் சாய்த்து வைத்தாள்.

"இன்னா வோணும் கண்ணு, சொல்லு."

"பழைய துணி, பிளேடு, பேப்பர். கெடைக்குமாக்கா?"

சூடு கொஞ்சம் தணிந்ததும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் உலரத் துடைத்தாள். பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றி எடுத்தாள். மேல் ஹோஸ் உலர்ந்திருந்தது. பம்ப்பிலும் ஈரமில்லை. கீழ் ஹோஸ் ரேடியேட்டரில் மாட்டுகிற மூக்கில் வைத்த பேப்பர் மட்டும் நனைந்து வந்தது. அந்த மூக்கைச் சுற்றி, கிளிப்புக்கு அடியில், வெள்ளையாகப் பூத்திருந்தது.

அந்த வெள்ளையை அவளுக்குத் தெரியும். வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில், குழாயின் வாயில், குளித்துவிட்டு வந்தால் தலைமுடியில் இருக்கிற அதே வெள்ளை. அவர்கள் பக்கத்து போர்த் தண்ணீர் எப்போதோ கடல் தண்ணீராகிவிட்டது.

"நைனா," என்று உள்ளே தலையை நீட்டினாள். "வண்டிக்கு போர்த் தண்ணியா ஊத்தின? எத்தினி தபா சொன்னேன்! கூலன்ட்டு வாங்கியாந்து குடுத்தேனே, இன்னா பண்ண அத?"

நைனாவின் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு அது.

"கீது. முன்சீட்டுக்கு அடியில."

வசந்தகுமார் கையை விட்டு இழுத்தான். ஐந்து லிட்டர் கேன், சீல் கூட உடைக்கவில்லை. இரண்டு ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சளும் குங்குமமும் அதன்மேல் காய்ந்து கிடந்தன.

"நீ கம்பெனிலேர்ந்து கொணாந்தது," என்றார் நைனா மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "அதப் போயி... தெறப்பாங்களா?"

அட கடவுளே! இந்த மனுஷனை என்ன செய்வது? மகள் கொடுத்ததைச் சாமிபோல வைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீரை ஊற்றி வண்டியை அரித்திருக்கிறார். கோபம் தலைக்கேறியது. "உன்கூட பேஜாரு நைனா" என்று மட்டும் சொன்னாள். அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு அவள் இரண்டு இடங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் சூடு முள். அந்தப் பக்கம் நைனாவின் நெஞ்சு. முள் இறங்க வேண்டும், நெஞ்சு ஏற வேண்டும். ஏரியில் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. வெயில் நகர்ந்ததா என்றே தெரியவில்லை. குணசுந்தரி இளநீர் சீவுகிற சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது. ஒரு நிமிஷம் இளமதிக்கே, தான் தொட்டிக்கு முன்னால் நிற்பதாகவும், ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருப்பதாகவும், நைனா கம்பெனி கேட்டுக்கு வெளியே வேனோடு காத்திருப்பதாகவும் இருந்தது. மழை நாளில் அவர் அப்படித்தான் வந்து நிற்பார்.

"தண்ணிய மேல ஊத்தி ஆற வெக்கலாமேக்கா," என்று வசந்தகுமார் கெஞ்சினான்.

"வெடிச்சிடும்டா. அப்புறம் அவரும் இங்கதான், வண்டியும் இங்கதான்."

முள் பாதிக்கு இறங்கியதும் துணியைப் போட்டு மூடியைக் கால் திருப்பு திருப்பி, சீறலை அடங்கவிட்டு, பிறகு முழுதாகத் திறந்தாள். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை உருவினாள். அதன் நுனி ஊறிப்போய்க் கொழகொழவென்றிருந்தது. பிளேடால் இரண்டு விரல் அளவு அறுத்து எறிந்தாள். அலுமினிய மூக்கை வெள்ளை போகச் சுரண்டினாள். உப்பு தின்ற குழிகள் கையில் தட்டுப்பட்டன. டூல்ஸ் பையில் நைனா மோட்டார் பைப்புக்கு வைத்திருந்த சைக்கிள் டியூப் இருந்தது. அதில் ஒரு வளையம் வெட்டி மூக்கின்மேல் மாட்டி, அதற்குமேல் ஹோஸை நல்ல இடம்வரை ஏற்றி, கிளிப்பை வைத்து முறுக்கினாள்.

"இன்னும் டைட்டு வெய்யிக்கா."

"போதும். ரொம்ப முறுக்கினா மூக்கு ஒடைஞ்சிடும்."

கேனின் சீலை உடைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. குங்குமம் விரலில் ஒட்டியது. பச்சை நிறத்தில் கூலன்ட் இறங்க, உள்ளே இருந்த காற்று மேலே குமிழிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. வசந்தகுமார் இன்ஜினைப் போட்டான். குமிழிகள் குறைந்து, கடைசியாக ஒன்று வந்து உடைந்து, பிறகு வரவில்லை. மூடியை மூடி, கீழே பேப்பரை ஒற்றினாள். உலர்ந்த பேப்பர் உலர்ந்தே வந்தது.

"நைனா, ஆயிடுச்சு!" என்று கூவிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

குடை நிழலில் நைனா படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இளமதி அவர் நெஞ்சைப் பார்த்தாள். ஏழு வருஷம் தண்ணீரைப் பார்த்த கண்ணால் இமைக்காமல் பார்த்தாள். ஒன்றே ஒன்று வந்தால் போதும், ஒரே ஒரு குமிழி. இரண்டு லாரிகள் போயின. மூன்றாவது போனது. வேன் ஆடியது, அவரும் ஆடினார். ஆட்டம் நின்றதும் அவரும் நின்றார்.

குணசுந்தரி குடையை எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். இளமதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், அவ்வளவுதான். குணசுந்தரி முன்சீட்டிலிருந்த வசந்தகுமாரைப் பார்த்தாள். பிறகு குடையை மடக்கிக்கொண்டு, "பாத்துப் போங்க. பெரியவருக்கு வெயில் படாம இட்டுனு போங்க" என்று முன்னால் இருந்தவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

இளமதி ஏறி நைனாவின் தலையை மடியில் வைத்து, தாடையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள்.

"எடுடா. முள்ளப் பாத்துக்கினே போ."

"நைனா எப்பிடிக் கீறாரு?"

"தூங்கறாரு."

வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள். "காரனோடைப் பாலம் நைனா. ஆத்துல தண்ணி இல்ல, நீ பாக்க வாணாம்." "தச்சூர் வந்தாச்சு, திரும்பறோம்." "பொன்னேரி, நீ நாஷ்டா துன்ற கடை." வசந்தகுமார் கண்ணாடியில் அடிக்கடி பார்த்தான். ஒரு கட்டத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலையை மட்டும் பார்த்தான். கேட்டால் பதில் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. முள் நடுவிலேயே அசையாமல் நின்றது.

வாசலில் தெருவே கூடியிருந்தது. பந்தலுக்குக் கொம்புகூட வந்து இறங்கியிருந்தது. பெரியப்பா ஆதிகேசவன் எழுந்து படிக்கு நேராக வந்து நின்றார்.

"உசுரு கீதா?"

"கீது பெரியப்பா. தள்ளு."

பெரியப்பா அவள் முகத்தையே பார்த்தார். அவளும் பார்த்தாள். வசந்தகுமார் அக்காவைப் பார்க்காமலே நைனாவைத் தோள் பக்கம் பிடித்துத் தூக்கினான், "வழி உடுங்க, மூச்சு திணறுது அவருக்கு" என்று அலறினான். பெரியப்பா ஒதுங்கினார்.

உள்ளே குப்பம்மாள் பாய் விரித்து, தம்ளரும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள். புருஷனைப் பாயில் இறக்கியதும் நெற்றியில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது. வாசற்படியில் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அம்மா ஒரு கரண்டி தண்ணீரை அவர் வாயில் விட்டாள். தண்ணீர் உதட்டில் நின்று, கடைவாயோரமாக மெல்ல வழிந்து, காதுப்பக்கம் இறங்கத் தொடங்கியது.

குப்பம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகளின் விரல்களில் பச்சையும் குங்குமமும் கலந்து காய்ந்திருந்ததைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சுருட்டி அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

"குடிச்சாரா?" என்றார் வாசலிலிருந்து பெரியப்பா.

"குடிச்சிட்டாரு," என்றாள் குப்பம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்னும் கேக்கறாரு."

இன்னொரு கரண்டி மொண்டாள்.