இடைவெளி விட்ட கடல்

ஜூடித் டீச்சர் எனக்குத் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். சைனிக்புரியில் அவர் வீட்டு இரண்டு அறைகளுக்குப் பட்டி பார்த்து வெள்ளை அடித்த கூலி. கூரை ஒழுகலைச் சரிபண்ணியதில் கைக்காசெல்லாம் போய்விட்டது, வரைந்துகொண்டிருக்கும் கடற்கரைப் படம் விற்றதும் தந்துவிடுகிறேன் என்றார். ராகவேந்திரா என்கிற பல் டாக்டர் தன் கிளினிக்குக்குக் கேட்டிருந்தார். திங்கட்கிழமை வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

லாலாகுடாவில் எங்கள் வீட்டில் என் பெண்டாட்டி அலமு இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கடலை வித்து உங்க கூலியா? எதுக்கு இந்த வம்பு, கையோட கேட்டு வாங்குங்க."

சனிக்கிழமை மதியம் டீச்சர் சர்ச்சில் ஏதோ மீட்டிங் என்று போயிருந்தார். நான் சமையலறை ஜன்னல் கம்பிக்கு எனாமல் ஒரு கோட் அடித்துவிட்டு, படம் இருந்த அறையில் போய் உட்கார்ந்தேன். முப்பது வருடம் சுவரோடு மல்லுக்கட்டின உடம்பு. உட்கார்ந்தால் கண் சொக்கும். ஆயில் பெயிண்ட் வாசனை மெல்ல ஏறியது. கடலை நான் பார்த்ததில்லை. படத்தில் இருந்ததும் கடல் மாதிரி இல்லை. நீலம் ஒரு தீற்று, பச்சை ஒரு தீற்று, மணலில் ஊதா கூட இருந்தது. அரைக்கண் மூடினேன். தீற்றுகள் அசைய ஆரம்பித்தன. தண்ணீர் என் கால் வரைக்கும் வந்து, யோசித்து, திரும்பிப் போனது. குடை பிடித்த ஒரு பெண் காற்றில் கரைந்தாள், மறுபடி கூடி நின்றாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ.

விழித்தபோது கண்ணில் பட்டதெல்லாம் இடைவெளிதான். தீற்றுக்கும் தீற்றுக்கும் நடுவில் வெறும் துணி. என் தொழிலில் அது அரைகுறை வேலை. மேஸ்திரி பார்த்தால் கூலியில் பிடிப்பார். டாக்டரும் அப்படிப் பிடித்தால் டீச்சர் என்ன செய்வார், நான் என்ன செய்வேன்? பக்கத்தில் கிடந்த பெயிண்ட் டியூப் மேல் இருந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், பிறகு கண்ணையே நம்பினேன். சாயல் பார்த்துக் கலந்து, மணல் பக்கம் முழுவதையும் ஓர் இடம் விடாமல் நிரப்பினேன். நைசாக வந்தது. இதற்குக் கூலி கேட்கக் கூடாது என்று கூட நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் வந்து பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உலகநாதன், அந்தத் துணி தெரியறதுதான் வெளிச்சம்," என்றார். "அதை மூடிட்டீங்க."

திரும்பிப் பார்த்தேன். கடற்கரையைக் காணோம். நான் அடித்த சுவர்தான் நின்றது.

என் கூலி அந்த மணலுக்கடியில் போய்விட்டது. அதைவிட, கால் வரைக்கும் வந்த தண்ணீர் இனி வராதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. எனாமல் என்றால் இதற்குள் இறுகியிருக்கும். இது ஆயில், ஒரு வாரம் ஆனாலும் ஈரம் போகாது, அடியில் இருக்கும் தன் பெயிண்ட்தான் மாதக்கணக்கில் காய்ந்து கெட்டியானது என்றார் டீச்சர். மேலே இருப்பதை மட்டும் வழித்தெடுக்கப் பட்டித் தகட்டை எடுத்து வந்தேன். துணி கிழியும் என்று பயந்தார். சுண்ணாம்பு பெயராமல் மேல் பெயிண்டை மட்டும் எடுக்கிற கை இது என்றேன்.

தகட்டைப் படுக்க வைத்து இழுத்தேன். ஒவ்வோர் இழுப்புக்கும் துடைத்துக்கொண்டேன். அவருடைய தீற்றுகளின் மேடு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இடைவெளிகளில் மட்டும் என் நிறம் நூலுக்குள் தங்கி லேசாகப் பளபளத்தது, தண்ணீர் அப்போதுதான் வடிந்து போன மாதிரி.

"நிறுத்துங்க," என்றார் டீச்சர். "அங்கேயே விட்டுடுங்க. இன்னொரு இழுப்பு வேண்டாம்."

இருவரும் வாசல்படி வரை பின்னால் போய் நின்று பார்த்தோம். அவர் சரிதான் என்று தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தபோது நான் ஜன்னல் கம்பிக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தேன். மணல் ஈரமாக இருக்கிறதே என்று தெலுங்கில் வியந்து கை நீட்டினார். தொடாதீர்கள், நிஜமாகவே ஈரம்தான் என்று டீச்சர் தடுத்தார். டாக்டர் பணத்தைக் கொடுத்துவிட்டு, கடலைக் காரின் பின்சீட்டில் நிற்க வைத்து மெதுவாக ஓட்டிப் போனார்.

டீச்சர் என் கையில் நோட்டுகளை வைத்தார். படம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணியதில் நடுவில் தவறிப்போனது. மறுபடி எண்ணினேன். நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது.

"சரியா இருக்கு டீச்சர். தீர்ந்துச்சு."

"ஹவ், ஆமா, தீர்ந்துச்சு. இனிமே படம் இருக்கிற ரூமுக்குள்ள பிரஷோட வந்தீங்க, நான் உங்ககிட்ட வசூல் பண்ணுவேன்," என்றார்.