நன்றிக்கு நன்றி

சர்வர் செத்தது மரியாதையால்தான் என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? வைரஸ் என்றால் நம்புவார். மின்னல், எலி என்றால்கூட நம்புவார். வெளிநாட்டிலிருந்து யாரோ புகுந்துவிட்டான் என்றால் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும், நம்ம கம்பெனியைத் தேடி அவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்று. நன்றி சொல்லிச் சொல்லியே மூச்சு முட்டிப் போய்விட்டது என்றால்?

இல்மா அதைச் சொல்லவில்லை. "பாத்துட்டு இருக்கறனுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

"பாரு கண்ணு, பாரு. ஆனா இப்பத்திக்கு எதையும் அமத்திப் போடாதே. ராகு காலம் போகட்டும்" என்றார் கோவிந்தராஜுலு.

திங்கட்கிழமை காலை. கோவை பீளமேட்டில் அவருடைய பம்பு செட் கம்பெனி அப்போதுதான் திறந்திருந்தது. பழைய பெயிண்ட் கிடங்குக்கு ஏசி மாட்டி அதைத்தான் சர்வர் அறை என்கிறார்கள். மெயிலை வெளியே வாடகை இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று இல்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிப் பார்த்தாள். "நம்ம கடுதாசிய அடுத்தவன் ஊட்ல போயி எதுக்கு வெக்கோணும்?" என்று அவர் கேட்டார். அதனால் சர்வர் கம்பெனியிலேயே இருந்தது. ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் அதன் முன்பக்கத்தில் காய்ந்து, ஆபத்து வந்தால் சிவப்பாக எரியவேண்டிய விளக்கைச் சரியாக மூடியிருந்தது. சர்வரில் இடம் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை ஒழுங்காக அவளுக்கு மெயிலில் போயிருந்தது. அந்த மெயிலும் இதே சர்வருக்குத்தான் வந்தது. வந்து, உள்ளே நுழைய இடமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். கோவிந்தராஜுலுவின் மகள் ஹாரிகாவைத் துடியலூரில் வார்ப்படத் தொழிற்சாலை வைத்திருக்கும் வெங்கடபதியின் மகன் தேஜாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே கோவிந்தராஜுலு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கம்பெனிக்கு யார் மெயில் போட்டாலும் அந்த நிமிடமே தானாக ஒரு பதில் போகவேண்டும். 'ஏனுங்க, உங்க மெயில் வந்து சேர்ந்ததுங்க, ரொம்ப நன்றிங்க.' அடியில் அவர் கைகூப்பி நிற்கும் படம். படம் சின்னதாக இருந்தால் போதும் என்று இல்மா சொன்னபோது, "கும்புடறது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா அம்மணி?" என்றார். ஸ்டுடியோவில் எடுத்த முழுப் படமும் அப்படியே ஏறியது.

வெங்கடபதிக்கு இது பிடித்துப்போயிற்று. அவர் கம்பெனியிலும் அதே மாதிரி ஒன்று வந்தது. அதில் அவரும் அவர் மனைவியுமாகக் கைகூப்பி நின்றார்கள்.

தானாகப் போகும் பதிலுக்குத் தானாகப் பதில் போகக்கூடாது என்று இல்மா ஒரு விதி போட்டு வைத்திருந்தாள். எந்த மெயில் சர்வரிலும் இருக்கும் சாதாரண விதி. அதில்தான் வினை வந்தது. ஹாரிகாவின் வளைகாப்பில் பந்தியில் உட்கார்ந்திருந்த வெங்கடபதி, "நாங்க நன்றி சொன்னா உங்க கம்பெனி வாயே தொறக்கறதில்லீங்களே சம்பந்தி" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். பெண்ணைக் கொடுத்தவருக்கு அன்றைக்கு ஜாங்கிரி இறங்கவில்லை. மறுநாள் இல்மாவைக் கூப்பிட்டார்.

"அந்த விதிய எடுத்துப்போடு."

"எடுத்தா ஆபத்துங்க சார். ரெண்டு மெசினும் ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாத்திப் பேசிட்டே இருக்குமுங்க."

"பேசட்டுமே. சம்பந்தி ஊட்டுக்காரங்க பேசறதுல என்ன ஆபத்து?"

இல்மா எடுத்துவிட்டாள். இன்னும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்திருக்கலாம். நல்ல பிள்ளை என்று அவர் சொல்வதைக் கேட்பதில் அவளுக்கு ஓர் இனிப்பு இருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதை அவள் தன்னிடமே மறைத்ததில்லை.

சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. துடியலூரில் கிருபாசங்கர் என்பவர் சர்வரைப் பார்த்துக்கொண்டார். தன் பக்கத்து விதியை அவர் எடுக்காமல் இருந்ததால் பிழைத்தது. போன வாரம் வெங்கடபதியும் அவரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவரும் எடுத்துவிட்டார். சனிக்கிழமை மாலை அங்கிருந்து ஒரு குமாஸ்தா, லோடு கிளம்பிவிட்டது என்று ஒரு மெயில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். பீளமேடு நன்றி சொன்னது. துடியலூர் அந்த நன்றிக்கு நன்றி சொன்னது. பீளமேடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும், ஆளில்லாத இரண்டு அலுவலகங்களில், யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு இயந்திரங்கள் கும்பிட்டுக்கொண்டே இருந்தன. நாற்பதாயிரத்துச் சொச்சம் கும்பிடுகள். டீலர்களின் ஆர்டரெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

ராகு காலம் முடிந்ததும் இல்மா மெயில் சேவையை நிறுத்தி, குவிந்து கிடந்ததைக் கழித்தாள். பிறகு அவர் அறைக்குப் போய் நடந்ததை மெல்லச் சொன்னாள்.

கோவிந்தராஜுலு முழுவதையும் கேட்டார். "சரி. மத்த எல்லாத்துக்கும் அந்தப் பதில நிறுத்திக்கோ. சம்பந்தி ஊட்டுக்கு மட்டும் நிறுத்தாதே."

"அங்க மட்டுந்தானுங்க சார் நிறுத்தோணும்."

"பொண்ணக் குடுத்தவன் நானு. நா மொதல்ல நிறுத்தினா நல்லாவா இருக்கும்? அவங்க நிறுத்தட்டும்."

அவள் கிருபாசங்கரை போனில் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்க ஐயா சொல்றாருங்க, மாப்பள ஊட்டுக்காரங்க எதுக்கு மொதல்ல நிறுத்தோணும்னு. நீங்களே நிறுத்திருங்களேன், யாருக்குத் தெரியப்போவுது?"

"நீங்க நிறுத்தினாலும் யாருக்கும் தெரியாதுங்களே."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க" என்றார் கிருபாசங்கர். வாதத்தில் அவருக்குத் தெரிந்த கடைசிப் படி அது.

இல்மா யாரையும் கேட்காமல் பழைய விதியைத் திரும்பப் போட்டாள். மத்தியானத்துக்குள் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அத்துடன் முடிந்தது என்று நினைத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது கோவிந்தராஜுலுவின் மனைவி பத்மாவதி வந்து எதிரே உட்கார்ந்தாள். கம்பெனியின் கணக்குப் பிரிவு அவள் கையில் இருந்தது. சர்வர் அறைப் பக்கம் அவள் வந்ததே இல்லை.

"சாப்புடு, சாப்புடு. என்ன கொழம்பு?"

"பருப்புங்க மேடம்."

"ஹாரிகா போன்ல ஒரே அழுகை" என்றாள் பத்மாவதி.

வெங்கடபதிக்கு அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம். பத்திரிகையில் சம்பந்தி பெயர் சரியாக இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று ஞாயிறு மாலை கோவிந்தராஜுலுவுக்கு மெயில் போட்டிருக்கிறார். இங்கே இடமில்லாததால் அது திரும்பிப் போயிருக்கிறது. திரும்பிய மெயிலில் பத்து வரி இங்கிலீஷ் இருந்தது. அவர் படித்தது ரிஜெக்டட் என்ற ஒரு சொல்லை மட்டும்தான். அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மருமகள் முன்னால் மேஜையில் வைத்து, "உங்கப்பா என்ர பத்திரிகையத் திருப்பி அனுப்பிச்சுப் போட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாராம்.

"அப்பறந்தான் ஒண்ணு தோணுச்சு" என்றாள் பத்மாவதி. "ஞாயித்துக்கெழமை நாங்க தட்டத்தோட துடியலூர் போறோம். நீயும் கூட வா கண்ணு. வந்து, 'நாந்தானுங்க தெரியாம எதையோ மாத்திப்போட்டேன், சாருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு. அவங்களுக்கும் மனசு ஆறிரும். நீ எங்க ஊட்டுப் புள்ளையாட்டந்தானே."

இல்மா டப்பாவைத் தள்ளி வைத்தாள். இந்த வீட்டுப் பிள்ளையானது எப்போது என்று யோசித்தாள். ஹாரிகா கல்யாணத்தில் அவளை மண்டபத்தின் பின்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள், வைஃபை விழாமல் பார்த்துக்கொள்ள. பந்திக்குக் கூப்பிட யாருக்கும் நினைவில்லை. பங்கு பிரிக்கும்போது இல்லாத உறவு, பழி பிரிக்கும்போது எவ்வளவு நெருங்கி வந்து உட்கார்கிறது. குழம்பைக்கூட விசாரிக்கிறது.

ஒரு வார்த்தைதானே என்றது அவளுக்குள் பழக்கப்பட்ட குரல். சொல்லிவிட்டு ஒரு ஜாங்கிரி தின்றுவிட்டு வந்துவிடலாம். அந்தக் குரலை அவள் வெகுகாலமாக நற்குணம் என்று நினைத்திருந்தாள். இப்போது அது தன் தோளுக்குப் பின்னாலிருந்து பேசும் பத்மாவதியின் குரலாகவே கேட்டது. துடியலூர் கூடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் அது அங்கேயா நிற்கும்? பீளமேட்டுக்கும் மதுக்கரைக்கும் நடுவில் பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று எத்தனை கம்பெனி இருந்தாலும் முதலாளிகள் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள். சர்வரைக் கொன்று ஒரு சம்பந்தத்தையே முறிக்கப் பார்த்த பெண் என்று அடுத்த முகூர்த்தத்துக்குள் பெயர் நிலைத்துவிடும். ஒன்பது வருடம் இந்தப் பெயிண்ட் வாடையில் அவள் சேர்த்தது நல்ல பெயர் ஒன்றைத்தான்.

கோவிந்தராஜுலுவும் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று பார்ப்பவர் மாதிரி சர்வரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லியாச்சா?" என்றார் மனைவியிடம்.

"சொல்லீட்டனுங்க. புள்ளைக்குப் புரியும்."

"உன்ர மேல தப்புன்னு நாங்க நெனைக்கலியே கண்ணு. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்குத்தான் ஒரு பேச்சுக்கு."

இல்மா டப்பாவை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அந்த மெயில் ஏன் திரும்பிச்சுன்னு கேட்டா, நடந்தது நடந்தபடி நானே போன்ல அவருக்குச் சொல்றனுங்க சார். நீங்க எடுக்கச் சொன்னீங்க, நான் எடுத்தேன்னு."

"நா சொன்னேன்னு சொன்னா என்ர மரியாத என்னாகறது?"

இல்மா டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள். பத்மாவதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி. அவசரமில்ல. வெள்ளிக்கெழம வரைக்கும் யோசிச்சு வெய்யி. வண்டி உங்க ஊட்டு வாசலுக்கே அனுப்பறேன்" என்றார் அவர்.

"வண்டி அனுப்ப வேண்டாமுங்க சார்" என்றாள் இல்மா. "நான் வரலீங்க."