லொரெட்டா ஒட்டிய எழுத்துகள்

காசிமிர் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரே கார் கம்பெனியில் இருக்கை தைத்தவர். அவருடைய மருமகன் டுவைன் எதிர்க் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிறான். கார் கம்பெனிகளை நம்பியே வாழும் டெட்ராய்ட்டுப் பக்கம் இப்படி ஒரு சம்பந்தம் லேசுப்பட்டதில்லை. கிழவர் பாதி மனசோடுதான் அந்தக் கல்யாணத்துக்கே வந்தார். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் அவர் மகள் லொரெட்டா, என் பக்கத்து வீட்டுக்காரி.

கிழவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அவருடைய காரோ கியர்பாக்ஸ் போய் ஷெட்டில் கிடந்தது. அன்று காலை டுவைனின் வண்டியை எடுத்துக்கொண்டு லொரெட்டா அவர் வீட்டுக்குப் போனாள். வாசலுக்கு வந்தவர் வண்டி முகப்பில் இருந்த சின்னத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இதுல நான் ஏற மாட்டேம்மா."

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஊர்வலம் போகல."

"நான் செத்த பிறகு வேணா இதுல தூக்கிப் போட்டுட்டுப் போ."

அவள் டாக்சி கூப்பிட்டாள். வந்தது ஜப்பான் கார். அது அவருக்கு இன்னும் பெரிய பகை. கிழவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி வேறொரு நாள் வாங்கினாள்.

அந்தச் சனிக்கிழமை முடி காயவைக்கும் டிரையரை வாசலுக்கு இழுத்துவந்தாள். டுவைனின் வண்டியிலிருந்த சின்னங்களைச் சூடாக்கி, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் பின்னால் கொடுத்து அறுத்து எடுத்தாள். ஒட்டியிருந்த பசையைச் சுரண்டியதில் அவள் நகமும் உடைந்தது.

டுவைன் ஷிப்ட் முடிந்து வந்தான். "என்னடி இது, வண்டியை மொட்டை அடிச்சு வெச்சிருக்க? எங்க கம்பெனி வண்டின்னு தெரியலன்னா வேலைக்குப் போறப்ப பிளான்ட் கேட்லயே நிறுத்திடுவான்!"

அதற்குள் விஷயம் தெரிந்து கிழவரும் நடந்தே வந்துவிட்டார். தன் பழைய காரிலிருந்து கழற்றிய சின்னத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இதை ஒட்டும்மா. கௌரவமா ஏறுறேன்."

"மாமா, இதோட நான் பிளான்ட்டுக்குப் போனா ஆளாளுக்குத் துப்புவானுங்க."

"துப்பட்டுமே மாப்பிள்ளை. கழுவிக்கலாம்."

லொரெட்டா டிரையரைப் புல்தரையில் வீசியடித்தாள். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க! உங்க கம்பெனியும் வேணாம், அவர் கம்பெனியும் வேணாம். நான் ஒருத்தி மனுஷியா இருக்கேன்ல?"

நேராகக் கடைக்குப் போனாள். பளபளக்கும் எழுத்துகளாகப் பொறுக்கிவந்து, முகப்பில் ஒன்றும் பின்கதவில் ஒன்றுமாகத் தன் பெயரையே ஒட்டினாள். கோபத்தில் ஒட்டியதால் கடைசி எழுத்து சரிந்து நின்றது. அதைத் திருத்த அவள் போகவில்லை.

திங்கட்கிழமை பிளான்ட் கேட்டில் காவலாளி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். "லொரெட்டாவா? இது எந்த ஊர்க் கம்பெனிப்பா?"

"எங்க வீட்டுக் கம்பெனி. உள்ள விடுய்யா."

காவலாளி சிரித்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினான். சாப்பாட்டு நேரத்துக்குள் டுவைனுக்கு 'லொரெட்டா' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

ஆபரேஷன் நாளன்று கிழவர் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். உறுமினார். ஆனால் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டினார்.

"இங்க என்னம்மா பிளாஸ்திரி?"

அதற்கடியில் டுவைனின் கம்பெனிச் சின்னம் இருந்தது.

"காயம். பேசாம பெல்ட்டைப் போடுங்கப்பா."

மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்று, கிழவர் வண்டியைப் பார்க்காமல் மகளையே வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, உன் தலை இவ்வளவு நரைச்சிருக்கா?"

"நரைக்காம என்னப்பா பண்ணும்?" என்றபடி லொரெட்டா கதவைத் திறந்து பிடித்தாள்.