டீச்சரின் பிரேக் கால்

தையல்காரர் காரை எடுத்த அந்தக் காலையில் தெருவே கொஞ்சம் ஒதுங்கித்தான் நின்றது. லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மனிதர் மலைக்கு வண்டி ஓட்டக் கிளம்பிவிட்டார். பக்கத்து சீட்டில் அவர் மனைவி. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், கட்டிய கணவர் உட்பட.

ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் கணவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்துப் பார்த்தார். முதல் பாடத்திலேயே இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. "நீங்க ஓட்டறது காரா, தையல் மிஷினா?" என்று நடுரோட்டில் கேட்டால் எவருக்குத்தான் ரோஷம் வராது? அவர் ஆக்சிலரேட்டரை மிதித்த விதம் அப்படித்தான் இருந்தது என்பது வேறு விஷயம். ரோஷத்தோடு நேரே போய் எதிர்வரிசையில் இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். டீச்சரின் மானம் கப்பலேறியது. "என் புருஷனே எதிர்க்கடைக்குப் போனா, என் கடைக்கு எவன் வருவான்?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் வந்த அன்று மட்டும் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோல நல்லாத்தான் இருக்கீங்க" என்றார்.

மலைப் பயண யோசனை தையல்காரருடையது. பேண்ட் சுருக்க வந்த ஒருவர் தன் போனில் ஒரு படம் காட்டியிருந்தார். இலையுதிர் காலத்து மலை. மஞ்சளும் சிவப்பும் செம்பும் போட்டி போட்டுக்கொண்டு சரிவெல்லாம் கொட்டிக் கிடந்தன. அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கடையை முடித்த பிறகு உட்கார்ந்து இருவருக்கும் மலையேறத் தோதான கால்சட்டை தைத்தார். முழங்காலில் இரட்டைத் துணி, பக்கவாட்டில் ஜிப் வைத்த பை. பழைய முதுகுப்பைக்குப் புதுப் பட்டை போட்டார். டீச்சரும் வெளியே காட்டிக்கொள்ளாமல் புது ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினார். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே டக் டக்கென்று அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தையல்காரர் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

ஆனால் அவர் இந்தப் பயணத்தை இழுத்துப் பிடித்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. டீச்சர் பாதி ஆயுளைக் காரில் கழித்தவர். அந்தக் காரிலிருந்து ஒரு மரத்தை, ஒரு மேகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. கண் ரோட்டில், கண்ணாடியில், மாணவனின் கையில். பஸ்ஸில் போனாலும் டிரைவரின் முதுகைத்தான் முறைப்பார். ஒரே ஒரு நாளாவது இவள் தன் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்க்க வேண்டும். அதற்கு இவள் தன்னை நம்ப வேண்டும். தையல்காரர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இதில் ஒரு வில்லங்கம், அவர்களிடம் இருந்த ஒரே கார் அந்தப் பயிற்சிக் கார். பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். டீச்சர் அந்த பிரேக்கைத் தொட்டால் போதும், டாஷ்போர்டுக்குள்ளிருந்து பஸ்ஸர் கீங்கென்று கத்தும். லைசென்ஸ் பரீட்சையில் டீச்சர் கால் வைத்து உதவினால் அதிகாரிக்குத் தெரிவதற்காக வைத்தது. கூரையில் 'பயிற்சி வாகனம்' என்று ஒரு பலகை. அதைக் கழற்றலாமென்று பார்த்தால் திருகாணி துருவேறி அசைய மறுத்தது.

கிளம்புமுன் டீச்சர் ஒப்பந்தம் போட்டார்.

"கீழ நீங்க எப்படி வேணா ஓட்டுங்க. மலை ரோட்ல பஸ்ஸர் ஒரு தடவை அடிச்சா, சாவி என் கைக்கு வந்துடணும். அப்புறம் வீடு வரைக்கும் நான்தான்."

"அடிக்கலைன்னா?"

"அடிக்கும்" என்றார் டீச்சர், சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியபடி.

சமவெளியில் பஸ்ஸர் கச்சேரியே நடத்தியது. தூரத்தில் ஒரு டிராக்டர் தெரிந்தால் கீங். ஓரத்தில் ஒரு நாய் சோம்பல் முறித்தால் கீங். ஒரு காலி பிளாஸ்டிக் பை காற்றில் பறந்து வந்ததற்கும் ஒரு கீங் விழுந்தது.

"அது பைதானே!" என்றார் தையல்காரர்.

"பை மாதிரி தெரிஞ்சுது. யாருக்குத் தெரியும்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவர் இருந்த குஷியில் எதுவும் அவரைத் தொடவில்லை. கூரைப் பலகையைப் பார்த்து லாரிகள்கூட மரியாதையாக ஒதுங்கிப் போயின. "பாரு, எனக்கு எவ்வளவு மதிப்பு!" என்றார். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு மலை வந்தது. முதல் வளைவிலேயே காற்று மாறியது. ஜன்னல் வழியாகக் குளிரும் ஈர இலை வாசனையும் உள்ளே ஏறின. ரோட்டின் இருபுறமும் மரங்கள் தங்கள் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து உடுத்திக்கொண்டு நின்றன. தையல்காரருக்கு ஓரக்கண்ணில்தான் தெரிந்தது, அதற்கே நெஞ்சு படபடத்தது.

வளைவுகளை அவர் தனக்குத் தெரிந்த வழியில் எடுத்தார். சட்டைக் காலரின் மூலைக்கு வரும்போது மிஷினை மெதுவாக்கி, ஊசியைத் துணியிலேயே நிறுத்தி, துணியைத் திருப்பி, அப்புறம் மிதிக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார், திருப்பினார், பிறகு மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரு வளைவு, அடுத்தது, அதற்கடுத்தது. பஸ்ஸர் மூச்சுவிடவில்லை.

"டீச்சர், அங்க பாரு, எவ்வளவு சிவப்பு!"

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார் டீச்சர். அவர் கண்ணும் ரோட்டில்தான் இருந்தது.

மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, எல்லாவற்றையும்விட மோசமான கொண்டை ஊசி வளைவு. அதில் பாதி திரும்பியிருந்தபோது மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. இடம் இருந்தது. தையல்காரர் பார்த்துவிட்டார், ஓரம் கட்டிவிட்டார், ஏறுவதற்காக அழுத்தியும்விட்டார். அந்த நொடியில்தான் கீங் என்றது.

வண்டி தூக்கிவாரிப்போட்டு நின்று, இன்ஜின் செத்துப்போனது. ஏற்றத்தில், வளைவுக்கு நடுவில், பஸ்ஸின் மூக்குக்கு எதிரே. தையல்காரரின் கை தானாக ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. ஊசி துணியில் இறங்கியாயிற்று, இனி அவசரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஸ்டார்ட் செய்தார். கிளட்ச்சை மெல்ல, மெல்ல விட்டார். இன்ஜின் குரல் கனத்ததும் ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். கார் ஒரு விரற்கடை பின்னால் போகாமல் மேலே ஏறியது.

பஸ் டிரைவர் பலகையைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே டீச்சரிடம் கத்தினார்: "ஏம்மா, புது ஆளைக் கூட்டிட்டு வர்ற இடமா இது?"

தப்பு யாருடையது என்று டீச்சருக்குத் தெரியும். ஏற்றத்தில், வளைவில், பாதி திருப்பத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுப்பவர் அவர். அவரே தொட்டுவிட்டார். ஆனால் பஸ் டிரைவருக்கு அவர் பதில் சொல்லவில்லை. தையல்காரருக்கு வலித்தது அதுதான். பிரேக் போட்டதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். 'நான்தான் போட்டேன்' என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாமே.

நடைபாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி, சாவியை உருவி நீட்டினார். "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்."

டீச்சர் சாவியை வாங்கித் தையல்காரர் வைத்துத் தைத்த பக்கப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். போச்சு, இறங்கும்போது இவள்தான் ஓட்டப்போகிறாள். மறுபடியும் ரோடு, கண்ணாடி, ரோடு. இவ்வளவு தூரம் வந்தும் இவள் ஒன்றையும் பார்க்காமலே திரும்பிவிடுவாள். தையல்காரர் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஏறத் தொடங்கினார்கள். கோபத்தோடு மலையேறுவது கஷ்டமான வேலை. மூச்சு எதற்காவது ஒன்றுக்குத்தான் போதும். உதிர்ந்த இலை கணுக்கால் வரை கிடந்தது, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஓர் ஓடையைக் கல்லுக்குக் கல் தாண்டினார்கள். பின்னாலிருந்து டீச்சரின் குரல் மட்டும் விடாமல் வந்தது.

"முன்னாடி வேர் இருக்கு. மெதுவா. லெஃப்ட்ல எடுங்க. கல் ஆடுது, ஸ்லோ, ஸ்லோ!"

"எனக்கு இண்டிகேட்டர் இல்லம்மா, கையைக் காட்டட்டுமா?" என்றார் தையல்காரர் திரும்பாமலே.

சற்று மேலே போனதும் பாதை கொஞ்ச தூரம் இறங்கி, அப்புறம் ஏறியது. அந்த இறக்கத்தில் ஈர இலை. தையல்காரர் சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்கிவிட்டார். டீச்சருக்கு இறக்கம் என்றாலே வலது கால்தான் முன்னால் போகும். ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பிரேக் பிடிக்கவில்லை. பொத்தென்று உட்கார்ந்தவர், உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு வந்து கணவரின் காலடியில் நின்றார். தலையெல்லாம் மஞ்சள் இலை.

தையல்காரர் பதறிப்போய்க் குனிந்தார். டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயால் சொன்னார்: "கீங்."

அவ்வளவுதான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எழுந்திருக்க முடியாமல், மூச்சு வாங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவருடைய கோபம் எந்தப் பக்கமாகப் போனது என்றே தெரியவில்லை. தையல்காரர், டீச்சரின் கால்சட்டையில் ஒரு தையல்கூடப் பிரியாததைப் பார்த்து அதற்கும் ஒரு முறை சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

மீதி ஏற்றத்தை ஏறக்குறைய ஓடியே ஏறினார்கள். மேலே மரங்கள் விலகி வெறும் பாறையும் வானமும் மிஞ்சின. காற்று ஆளைத் தள்ளியது. டீச்சர் முதலில் விளிம்பருகே போனார், நின்றார், கையைப் பின்னால் நீட்டிக் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

கீழே முழு மலையும் பற்றி எரிவது போலிருந்தது. மஞ்சளுக்குள் சிவப்பு, சிவப்புக்குள் ஆரஞ்சு, நடுநடுவே பிடிவாதமாகப் பச்சை. மேக நிழல் ஒன்று நகர நகர நிறமெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது.

"ஐயோ! ஐயோ, இங்க பாருங்களேன்! இது என்னங்க இது!" டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "அந்த நடுவுல கோடு மாதிரி போகுதே, அது என்ன?"

"அதுதான் நாம வந்த ரோடு."

டீச்சர் குதிப்பதை நிறுத்தினார். கோடு அந்த நெருப்புக்குள்ளேயே புகுந்து புகுந்து, வளைந்து வளைந்து மேலே வந்துகொண்டிருந்தது.

"இது வழியாவா வந்தோம்?"

"இது வழியாத்தான்."

"நான் ஒண்ணையும் பார்க்கலையே."

"தெரியும்" என்றார் தையல்காரர். "நீ பார்க்கணும்னுதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டதே அதுக்குத்தான். நீ ஓட்டினா எப்படிப் பார்ப்பே?"

டீச்சர் அந்த ரோட்டை ஒவ்வொரு வளைவாகக் கண்ணாலேயே தொடர்ந்து இறங்கினார். காற்று தலைமுடியிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போனது.

"அந்த வளைவுல நீங்க சரியாத்தான் ஓட்டினீங்க" என்றார் கடைசியில். "தப்பு பண்ணினது நான். பஸ்காரர்கிட்ட அதைச் சொல்லியிருக்கணும். வெட்கமாப் போச்சு, வாய் வரல."

"சரி விடு."

"கால் தானா போகுதுங்க. நான் என்ன பண்ணட்டும்? சொன்னா கேட்க என் காலுக்குக் காதா இருக்கு?"

கார் நின்ற இடத்துக்கு இறங்கி வந்தபோது வெயில் சாய்ந்து இலைகளுக்குள் புகுந்திருந்தது. தையல்காரர் ஒப்பந்தப்படி பக்கத்து சீட்டின் கதவைத் திறக்கப் போனார். டீச்சர் குறுக்கே வந்து, பக்கப் பையின் ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் அழுத்தினார்.

"ஒப்பந்தம்?"

"பஸ்ஸர் அடிச்சது என் தப்புக்கு. அது கணக்குல வராது. ஏறுங்க, வெளிச்சம் போகுது."

தையல்காரர் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார். இன்ஜினை உயிர்ப்பித்தார். இறக்கம் ஏற்றத்தைவிடப் பொல்லாதது, எதிர்க்கடையில் அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. டீச்சர் ஷூவைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டார். பிறகு இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி, பந்தியில் உட்காருவது போலச் சம்மணம் போட்டு, பெல்ட்டை மாட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தையல்காரருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டுதான் கியரைப் போட்டார். கலங்கிய கண்ணோடு மலையிறங்க முடியாதல்லவா?

"அதோ! அந்த மரத்தைப் பாருங்க, பாதி மஞ்சள் பாதி சிவப்பு!" என்று கத்தினார் டீச்சர்.

"நீ பாரு. நான் ரோட்டைப் பார்க்கறேன்."

"ஐயோ, இங்க ஒரு அருவி! வர்றப்போ இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கொண்டை ஊசி வளைவு வந்தது, எதிரே ஒரு லாரியும் வந்தது. குறைத்தார், ஒதுங்கினார், திருப்பினார். டீச்சர் அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பறந்து வந்த ஓர் இலையைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் கூவிக்கொண்டிருந்தார். லாரி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மலையடிவாரம் வரை பஸ்ஸர் ஊமையாகவே வந்தது. தையல்காரர் ஓர் இலையைக்கூடப் பார்க்கவில்லை.

சமவெளியில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் மரத்துப்போயிருந்தன. பரீட்சை முடிந்த பையன் மாதிரி மெல்லக் கேட்டார்:

"டீச்சர், எப்படி ஓட்டினேன்?"

டீச்சர் மடியில் சேர்ந்திருந்த இலைகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, நிஜமாகவே குழம்பிப்போன முகத்தோடு சொன்னார்:

"என்னைக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? நான் எங்க ரோட்டைப் பார்த்தேன்?"