பின்சந்துக்கு வந்த ஃபைபர்

என் அண்ணன் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. திட்டுவதுகூடக் குறைவு. கோபம் வந்தால் சுவிட்சை அணைப்பார், அவ்வளவுதான்.

அப்பா விட்டுப்போன மனையில் முன்வீடு அண்ணனுக்கு, பின்வீடு எனக்கு. அவர் வாசல் தெருவைப் பார்த்தது, என் வாசல் பின்சந்தைப் பார்த்தது. நடுவில் ஒரு நடைபாதையும் ஒரு கேட்டும். இன்டர்நெட் முன்வீட்டில் மட்டும்தான், பழைய தொலைபேசிக் கம்பி வழியாக. அங்கிருந்து ஒரு ஒயரை இழுத்து எனக்கும் விட்டிருந்தார். இன்டர்நெட் பெட்டியின் சுவிட்ச் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் இருந்தது. முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்து, யார் விடுப்புக் கேட்டாலும் இரண்டு நாள் காக்க வைத்தே பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு ஆட்டிவைக்க அண்ணியையும் என்னையும் விட்டால் வேறு ஆள் இல்லை.

நான் துவைத்த துணியை அவர் பக்கத்துக் கொடியில் போட்டால் சுவிட்ச் அணையும். அவருடைய பழைய சகா வந்திருக்கும்போது நான் எட்டிப்பார்த்து இரண்டு வார்த்தை பேசாவிட்டால் அணையும். அண்ணி எதிர்த்து ஏதாவது சொன்னாலும் அணையும். அன்றைக்கு அண்ணிக்கு வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேச்சு கிடையாது. அண்ணி அதற்குச் சண்டை பிடிக்காமல் துணி தைத்துக்கொண்டிருப்பார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் வேலை கேட்பதும் தட்டுவதும். எங்கோ ஒரு கூட்டம் நடக்கும், அதில் காது கேளாத ஒருவர் இருப்பார். அங்கே பேசுவது என் காதில் விழ விழ நான் தட்டச்சு செய்வேன். அது அவர் முன்னால் இருக்கும் திரையில் வரிவரியாக ஓடும். நான்கு நொடி பின்தங்கினால் அந்தப் பேச்சு அவருக்கு இல்லை. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, எங்கள் ஏஜென்சியில் என்னைவிட வேகமான கை இன்னொன்று இல்லை.

அன்று ஒரு தொழிற்சாலை விசாரணை. லேத் ஓட்டுகிற ஒருவர், இரண்டு காதும் கேட்காது. சொல்லச் சொல்லக் கேட்காமல் மெஷினைக் கெடுத்துவிட்டார் என்று அவர்மேல் புகார். மேற்பார்வையாளர் சாட்சி சொல்ல எழுந்தபோது மணி பதினொன்று இருபது. 'நான் இவரிடம் மூன்று முறை' என்பதுவரை தட்டினேன். திரை அப்படியே நின்றுவிட்டது.

ஓடினேன். அண்ணன் செய்தித்தாளை இறக்காமலே கேட்டார்.

"காலையில கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்தது யாரு?"

"அண்ணா, முதல்ல அதைப் போடுங்க. அங்க ஒருத்தரோட வேலை போகப்போகுது."

"நாய் உள்ள வந்து என் செருப்பைக் கடிச்சு வெச்சிருக்கு. யாருன்னு கேட்டேன்."

"நான்தான். தப்புதான். போடுங்க."

"இப்ப தப்புன்னு தெரியுது. திறந்து போடும்போது தெரியலையாக்கும்."

பத்தொன்பது நிமிடம் நின்றேன். இரண்டாவது தடவை மன்னிப்புக் கேட்ட பிறகு, பக்கத்தைப் புரட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டார். நான் திரும்பி வந்து இணைந்தபோது அந்தப் பக்கம் நாற்காலிகளை இழுக்கும் சத்தம்தான் கேட்டது. திரை நின்றுபோனதைச் சொல்ல அந்த மனிதருக்குக் கூச்சம். எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் தலையாட்டியிருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதிவிட்டார்கள். அந்த வாரமே வேலை போய்விட்டது.

ஏஜென்சி மேலாளர் என்னைத் திட்டவில்லை. "உங்க கையில குறை இல்ல, லைன்லதான் குறை. இப்போதைக்குப் பதிவு பண்ணின பேச்சை மட்டும் தட்டிக் குடுங்க. வருஷம் முடியறதுக்குள்ள சொந்தமா ஃபைபர் லைன் போட்டுக்கங்க. ஒரு சோதனை வெச்சுப் பாத்துட்டு நேரடி வேலையைத் திருப்பித் தர்றோம். இல்லைன்னா எங்களுக்கும் வேற வழியில்ல," என்றார்.

அண்ணனிடம் லேத்காரரைப் பற்றிச் சொன்னேன். "செவிடனை யாரு மெஷின்ல விட்டாங்க?" என்றார். அதோடு பேச்சை முடித்துவிட்டு டீயைக் குடித்தார்.

அன்றே முடிவு செய்தேன். எனக்கு லைன் வர வேண்டும், அவருக்கு வரக் கூடாது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் எனக்குப் போதாது.

இரண்டு மாதம் கழித்து ஃபைபர் கம்பெனியிலிருந்து ஒரு சர்வே பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், வெயிலில் கறுத்த மூக்கு. மோர் கொடுத்தால் என்ன, தண்ணீர் கொடுத்தால் என்ன, ஒரே மடக்கில் குடிக்கிற களைப்பு. உட்கார வைத்து விவரம் கேட்டேன்.

"ஒரு தெருவுல பாதி வாசலாவது பதிவு பண்ணணுங்க. பண்ணினா தோண்டுவோம். இல்லைன்னா அந்தத் தெருவை விட்டுட்டு அடுத்த ஏரியாவுக்குப் போயிடுவோம். திரும்பி வர மூணு வருஷம் ஆகும்."

"பழைய கம்பி?"

"வருஷக் கடைசியில அதைக் கழட்டிடறாங்க. அதனாலதான் அலையறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முன்தெருவுல ஒருத்தர்கூடப் பதிவு பண்ணல. உங்க அண்ணன் யாரும் அவசரப்படாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்காராம். நாம பேசாம இருந்தா கம்பெனி இறங்கி வரும்னு. அப்படியெல்லாம் வராதுங்க. முப்பதாம் தேதி லிஸ்டை மூடிடுவாங்க. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்றீங்களா?"

"சொல்றேன்," என்றேன்.

அண்ணனின் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. போன வருடம் தெருவில் எல்லா வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க ஒரு மேஸ்திரி வந்தான். யாரும் சரி சொல்லக் கூடாது என்று அண்ணன் தெருவையே கட்டிப்போட்டு, அவனைப் பாதி விலைக்கு இறக்கினார். அதிலிருந்து முன்தெருவுக்கு அவர் ஒரு தளபதி. ஆனால் மேஸ்திரி வாளியோடு திரும்பத் திரும்ப வந்து நிற்பவன். கம்பெனிக்கு நம் முகம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். வேண்டாம் என்று பிகு பண்ணினால் வேண்டாம் என்றே எழுதிக்கொண்டு போய்விடும். இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

பின்சந்து தனித் தெருக் கணக்கு, அதில் இருபத்திரண்டு வாசல். பதினொன்று வேண்டும். வேலை முடிந்ததும் தினமும் இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். தையல்காரருக்கு வெளியூர் மகனின் முகம் பாதி வார்த்தையில் உறைந்துபோகாமல் தெரிய வேண்டும். "எப்பப் பாத்தாலும் வாயைத் திறந்துக்கிட்டே நிக்கறான்" என்றார். ஓய்வு பெற்ற லாரி டிரைவருக்குச் சதுரங்கம். நகர்த்துவதற்குள் லைன் போய், ஜெயிக்கிற ஆட்டத்தில் எல்லாம் தோற்றதாகக் கணக்காகிவிடுகிறதாம். புதிதாகக் கல்யாணமான வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் அலுவலகக் கூட்டத்தில் உட்கார முடியாமல், முறை போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் கையெழுத்து அவர்களுடையது. மூலைவீட்டுக்காரர் மட்டும் கதவைச் சாத்தினார். மூன்றாவது நாள் அவரே கூப்பிட்டுப் பேனா கேட்டார். இருபதாம் தேதி வாக்கில் பதினான்கு பெயர் சேர்ந்துவிட்டது.

இருபத்தாறாம் தேதி அண்ணன் கேட்டின் அந்தப் பக்கம் நின்று விசாரித்தார்.

"அந்தப் பொண்ணு உன் சந்துல சுத்திட்டிருந்தாளே. எத்தனை பேர் ஏமாந்தாங்க?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். "யாருண்ணா ஆர்வம் காட்டறாங்க. நாலு பேர் இருப்பாங்க. நீங்க சொன்னதுதான் சரின்னு இங்கயும் பேசிக்கறாங்க. விலையைக் குறைச்சுக்கிட்டு அவனே வருவான்."

"வருவான், வருவான். அடுத்த வாரம் பாரு," என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார். கூடப்பிறந்தவர் காதில் இவ்வளவு பெரிய பூவைச் சுற்றினோமே என்று எனக்குத் துளிகூட உறுத்தவில்லை. இராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் யாரும் வரவில்லை. அண்ணன் தானாகவே கம்பெனிக்குப் போன் செய்தார். உங்கள் தெரு பட்டியலில் இல்லை என்றார்கள். யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று அலுவலகக் குரலில் அதட்டினார். மூன்று வருடம் கழித்து முயற்சி செய்யுங்கள் என்று போனை வைத்துவிட்டார்கள். முன்தெருக்காரர்கள் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாலையில் அவர் வெளியே வந்து நின்றால், முன்பு போல நான்கு பேர் கூடுவது நின்றுபோனது.

சந்தில் கையகலப் பள்ளம் வெட்டி ஆரஞ்சு நிறக் குழாயைப் புதைத்தார்கள். என் வாசற்படியில் உட்கார்ந்து டெக்னீஷியன் முடியளவு கண்ணாடி இழை இரண்டை ஒரு சின்ன மெஷினில் வைத்து ஒட்டினார். தும்மல் வந்தபோது முகத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்தது. மறுநாளே ஏஜென்சி சோதனை வைத்தது. நாற்பது நிமிடம், ஒரு வார்த்தை விடவில்லை. நேரடி வேலை திரும்பக் கிடைத்தது. நான் அழுதேன். அதில் சந்தோஷம் பாதி, பழி தீர்த்த ருசி பாதி.

வருடக் கடைசியில் பழைய கம்பியை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் பகுதியில் செல்போன் சிக்னல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு காட்டும். அண்ணனுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. இரண்டாவது நாளே வந்துவிட்டார்.

"அந்தப் பழைய ஒயர் அப்படியேதான் கிடக்கு. உன் பெட்டியில சொருகினா இந்தப் பக்கம் வந்துடும்."

"முடியாதுண்ணா."

"ஏன்?"

"லேத் ஓட்டினவர் ஞாபகம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இல்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே இல்லை. அது என் கோபத்தை இன்னும் மூட்டிவிட்டது.

"மூணு வருஷம் இருக்கு. ஞாபகம் வந்ததும் சொல்லுங்க," என்றேன். "அண்ணி வேணும்னா இங்க வந்து பேசிக்கட்டும்."

அண்ணி அன்றே வந்தார். தினமும் மாலை ஐந்து மணி. மகளையும், தவழ ஆரம்பித்திருந்த பேரனையும் என் திரையில் பார்ப்பார். முதலில் பத்து நிமிடம். பிறகு மூக்குக் கண்ணாடியை என் மேசையிலேயே விட்டுப்போனார். பிறகு தைக்கிற துணியையும் எடுத்து வந்தார். மகள் வேலைக்குப் போன பிறகும் ஏழு மணிவரை உட்கார்ந்திருப்பார். முன்வீட்டில் அண்ணன் தனியாக டீ போட்டுக்கொள்ளும் பாத்திரச் சத்தம் கேட்கும். அது எனக்கு இனித்தது.

ஒருநாள் ஊசியில் நூல் கோத்தபடி அண்ணி சொன்னார்.

"அந்த சர்வே பொண்ணு முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. அவர் வெளிய போயிருந்தாரு. முப்பதாம் தேதி, முப்பதாம் தேதின்னு மூணு தடவை சொல்லிட்டுப் போச்சு."

"நீங்க அண்ணன்கிட்டச் சொல்லலையா?"

"நீ சொல்லிட்டேன்னு நெனச்சேன்," என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார், சிரிக்கவில்லை.

நான் ஒரு வருடக் கோபத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆடியிருக்கிறேன். இவர் முப்பது வருடம் வைத்திருந்திருக்கிறார்.

பேரன் நின்றது போன வியாழக்கிழமை. சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கையை விட்டுவிட்டு நின்றான். மகள் கத்திய கத்தலில் அண்ணியும் சிரித்துக் கைதட்டினார். அந்தச் சத்தம் முன்வீட்டுக்கும் எட்டியிருக்க வேண்டும். நான் திரும்பியபோது அண்ணன் என் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கேமராவுக்குப் பின்பக்கம், மகளின் திரையில் தெரியவில்லை. அண்ணிக்கு நேர் எதிரே, ஐந்தடி தூரத்தில் நின்றார்.

"அப்பா எங்கம்மா?" என்றாள் மகள். "இவன் நின்னதை அவரும் பாக்கட்டுமே. ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேசல. எம்மேல கோபமா?"

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"தினமும்தான்டி கூப்பிடறேன். வரமாட்டேங்கறாரு. அவகிட்ட எனக்கு என்ன பேச்சு இருக்குன்னு கேக்கறாரு."

அண்ணனின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் இங்கேதான் நிற்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. இவ்வளவு வேண்டாம் என்று எனக்கே தோன்றியது. தோன்றியும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

மகள் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா. இனிமே நான் கேக்கல," என்றாள்.

லைன் சுத்தமாக இருந்தது, ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. அண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.