பிரிட்டோ தப்ப முடியாத வாக்கியம்

கச்சிராயபாளையத்தில் வெல்டிங் பட்டறை நடத்தும் டயானாவுக்கு யாரையும் கண்டித்துப் பேசிப் பழக்கமில்லை. மரவள்ளிக் கிழங்கை மண்ணிலிருந்து நெம்பி எடுக்கத் தாம் உருவாக்கிய கருவிக்குக் காப்புரிமை கேட்டு எழுதியபோதும் அந்தப் பணிவு கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. 'தண்டைத் தகுந்த முறையில் பற்றும், ஓரளவு வளைந்த தாடைகள்' என்று எழுதியிருந்தார். காப்புரிமை அலுவலகம் ஆட்சேபம் தெரிவித்தது: எது தகுந்த முறை, எது ஓரளவு? உரிமையின் எல்லை எங்கே முடிகிறதென்று படிப்பவருக்குத் தெரியாவிட்டால் உரிமை கிடையாது. பதில் அனுப்ப இன்றே கடைசி நாள்.

எல்லையைக் கூர்ந்து பார்ப்பவர் யார்? அதைத் தாண்ட நினைப்பவர்தான். எதிர்ப் பட்டறை வைத்திருக்கும் கொழுந்தனார் பிரிட்டோவை டயானா டீக்கு அழைத்தார். அந்தக் கருவியைப் பார்த்த நாள் முதல், தாமும் ஒன்று செய்யப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவந்தவர் பிரிட்டோ.

"இதப் படிச்சிட்டு, எப்டித் தப்பிப்பன்னு சொல்லு."

பிரிட்டோவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "ஓரளவா? என்னுது நல்லாவே வளைஞ்சிருக்கும் அண்ணி."

முப்பது முதல் நாற்பது பாகை வரை என்று டயானா திருத்தினார்.

"நா நாப்பத்தஞ்சு வெச்சிக்கினு போறேன்."

"வளைவே இல்லாம வெச்சா?"

"அப்பவும் புடிக்கும். புடிய அமுக்கனா தாடை தானா இறுகுதில்ல, அதான் விஷயமே. இல்லன்னா தண்டு வழுக்கிக்கினு பூடும்."

சொன்ன பிறகுதான் பிரிட்டோ டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

விண்ணப்பத்தின் வரைபடத்தில் முன்பே இருந்த சங்கதிதான். டயானா இப்போது அதை வாக்கியத்துக்குள் கொண்டுவந்தார்: 'கைப்பிடியை அழுத்தும்போது ஒன்றையொன்று நெருங்கித் தண்டை இறுக்கும்படி, கைப்பிடியோடு இணைக்கப்பட்ட இரு தாடைகள்.'

"ஒரு தாட நவுறாம நின்னா?"

"அப்பவும் ரெண்டும் கிட்டத்தான தம்பி வருது."

பிரிட்டோ மேலிருந்து படித்தார். கீழிருந்தும் படித்துப் பார்த்தார். "ரொம்ப அடைச்சிட்டீங்க அண்ணி. மூச்சு உடவாவது ஒரு 'சுமாரா' போட்டு வைங்க."

கேட்பவருக்கு இல்லையென்று சொல்லி அறியாத டயானா, 'சுமார்' என்று கணினியில் தட்டியும்விட்டார். பிறகு அதை அழித்து, மனம் மாறுவதற்குள் பதிலை அனுப்பிவிட்டார்.

"போயிடுச்சி. மன்னிச்சிக்கோ."

"மன்னிப்பு கெடக்கட்டும். ரெண்டு செஞ்சி வெச்சிருக்கேனே, அத்த இன்னா பண்றது?"

டயானா செருப்பை மாட்டிக்கொண்டார். "வா பாக்கலாம். தாட இறுகலன்னா நீயே வித்துக்கோ, நான் கேக்க மாட்டேன்."

இறுகாது என்று சொல்லப் பிரிட்டோவின் தொழில் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"நல்லாவே இறுகும் அண்ணி" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.