ராணியின் காயத்துணி

மகுடத்தை மகத்தானது என்று எழுத நான் எதற்கு? படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ராஜா, ராணி, பூதமெல்லாம் வரும் கைபேசி விளையாட்டு ஒன்றைச் செய்கிறோம். ஆடுகிறவர்கள் காட்டிலும் குகையிலும் பொருள் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை விரலால் அழுத்தினால் இரண்டு வரி விளக்கம் வரும். அந்த இரண்டு வரிதான் என் வேலை. ராஜபாளையத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து நூற்றுச் சொச்சம் பொருளுக்கு எழுதிவிட்டேன்.

'மாய அங்கி: அணிந்தால் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். பேருந்து நிறுத்தத்தில் தேவைப்படாது; ஓட்டுநருக்கு நீங்கள் ஏற்கெனவே தெரிவதில்லை.'

'மன்னனின் மகுடம்: தலைக்கு ஐந்து மடங்கு பாதுகாப்பு. தலைக்குள் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல.'

'பூதத்தின் பால்கோவா: தின்றால் உயிர் நூறு புள்ளி கூடும். இரண்டாவதைத் தின்றது பசியால் அல்ல என்று பூதமே ஒப்புக்கொண்டது.'

ஆடிப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் சண்டையை விட்டுவிட்டுப் பொருள் பொருளாக அழுத்திப் படித்துச் சிரித்தார்கள். முதலாளி வைகுண்டராஜ் அண்ணாச்சியும் சிரித்தார். விளையாட்டை வெளியிடுவதற்கு வெளியூர்க் கம்பெனி ஒன்று வரும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

"எல்லாம் கம்பீரமா வேணுமாம். மத்ததப் பேசிச் சமாளிச்சுட்டேன். காயத்துணிய மட்டும் மாத்திரு காளீஸ்வரி," என்றார்.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ராணியின் காயத்துணி: எல்லாக் காயத்தையும் ஆற்றும், நெய்தவளின் கால்வலியைத் தவிர.' அவர்கள் கேட்டது, தேவகன்னியர் நிலா வெளிச்சத்தில் நெய்த துணி.

"நெலா வெளிச்சத்துல தறி ஓட்டுனா இழை அறுந்தது எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"அதுக்கு ஏன் இம்புட்டுச் சத்தம் போடுத?"

எங்கள் வீட்டில் பேசுகிற அளவே அதுதான். அம்மா மாரிக்கனி சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் முப்பது வருடமாகப் பேண்டேஜ் துணி ஓட்டுகிறாள். தறிகள் மொத்தமாக ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவளிடம்கூடக் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வந்தும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சோறு வேண்டுமென்றால் விரலைக் குவிப்பாள், போதுமென்றால் உள்ளங்கையை விரிப்பாள். நான் கத்தித்தான் பதில் சொல்வேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அனுப்பணும்," என்றார் அண்ணாச்சி. "அந்த வரி இருந்தா அவிய எடுக்க மாட்டாவ. பொறவு ஒனக்கும் இங்க வேலை இருக்காது."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தறிக்குப் போகாமல் எனக்குக் கிடைத்த ஒரே வேலை இது. அழித்துவிடலாம் என்ற முடிவோடுதான் வீட்டுக்குப் போனேன். அழிப்பதற்கு முன் அம்மாவிடம் ஒரு தடவை காட்டத் தோன்றியது.

"ஒன்னப் பத்தி எழுதியிருக்கேம்மா," என்று கத்தினேன்.

கைபேசியை வாங்கி, கண்ணருகே வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். சிரிப்பாள் என்று பார்த்தால் முகத்தைச் சுளித்தாள்.

"தப்பா எழுதியிருக்கட்டி."

"என்ன தப்பு?"

"காலுவலி தைலம் தேச்சாப் போயிரும்." காதைத் தொட்டுக் காட்டினாள். "போனது இதுதான்லா. எம்புட்டுத் துணி நெய்து என்ன, இதுக்கு ஒரு கட்டுப் போட முடியல."

அவளிடம் கத்திக் கத்தியே வளர்ந்தவள் நான். எதற்காகக் கத்துகிறோம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பழக்கம் என்றே நினைத்திருக்கிறேன். எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தில் அண்ணாச்சி மேலிருந்த பயம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். செத்த நேரத்தில் அண்ணாச்சி என் மேசைக்கு வந்தார்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் அண்ணாச்சி."

திரையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். "ராணியின் காயத்துணி. எல்லாக் காயத்தையும் ஆற்றும், நெய்தவளின் காதைத் தவிர."

மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதுக்கு முந்துனதே தேவலையே."

"முந்துனது தப்பு. இதுதான் சரி."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா? இந்த வரி இருந்தா ஒனக்கு வேலை இருக்காது."

"வரி இருக்கட்டும் அண்ணாச்சி," என்றேன், எங்கள் வீட்டில் பேசுகிற சத்தத்தில்.